பீரோ மடக்கிய மஞ்சள் கேபிள்

வீட்டு ஃபைபர் இன்டர்நெட், 100 எம்பிபிஎஸ் பிளான். மூன்று வாரமாக வேகம் தேய்ந்து தேய்ந்து 20-க்கு வந்துவிட்டது.

முதல் சந்தேகம் வைஃபை மேல். சேனல் மாற்றினேன், ரீசெட் செய்தேன், லேப்டாப்பை லேன் கேபிளில் நேராகச் செருகினேன். அதே 20. கஸ்டமர் கேரில் "சிவப்பு லைட் எரியலையே சார், லைன் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். கேபிளில் ஒளி அறவே வராவிட்டாலோ, மோடம் படிக்க முடியாத அளவு குறைந்தாலோதான் மோடத்தின் அந்த லைட் எரியும். இப்படியே நாலு நாள் போனது.

ஒன்று மட்டும் உறுத்தியது: அப்லோடு குறையவே இல்லை. ஃபைபரில் டவுன்லோடு 1490 நானோமீட்டர் ஒளியில் வருகிறது, அப்லோடு 1310-இல் போகிறது. கேபிள் மடங்கினால் நீண்ட அலைநீளம்தான் அதிகம் கசியும், அதாவது டவுன்லோடுதான் முதலில் அடிபடும். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவரைப் பார்த்தேன். ஆர்எக்ஸ், அதாவது மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் பலம், −28.6 டிபிஎம். −27-க்குக் கீழே போனாலே சிக்கல்தான்.

கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். பெயின்ட் அடிக்க நகர்த்திய பீரோ, மோடத்துக்குப் போகும் மஞ்சள் ஃபைபர் கேபிளை (பேட்ச் கார்டு) சுவரோடு மடக்கியிருந்தது. பீரோ கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது. பீரோவை நாலு விரல் தள்ளி, கேபிளை உள்ளங்கை அகல வளையமாகத் தளர்த்தினேன். ஆர்எக்ஸ் −21.3. வேகம் 96. அப்பாடா!

ஃபைபர் கேபிளின் பச்சை முனைக் கனெக்டரைக் கழற்ற நேர்ந்தால் அதன் நுனியை விரலால் தொடாதீர்கள், கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது.