பீனட் பட்டர் வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

மார்த்தாண்டத்திலிருந்து சித்தி போன் செய்தார். "மக்களே, நீ சொன்ன பீனட் பட்டர் கெட்டுப்போச்சு. மேல ஒரு விரல் அளவுக்கு எண்ணெய் நிக்குது. அத ஊத்திக் களஞ்சிட்டேன்." மறுநாள் பார்த்தால் மீதி இருந்தது கரண்டி இறங்காத அளவுக்கு இறுகிக் கிடந்ததாம்.

சர்க்கரையும் வேறு எண்ணெயும் சேராத பீனட் பட்டர் தேடுபவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். கப்பலண்டியின், அதாவது வேர்க்கடலையின், எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அரைத்து வைத்தால் விழுது அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். அது கெட்டுப்போனதல்ல, வேறு எதுவும் கலக்கவில்லை என்பதற்கு நல்ல அடையாளம். மாதக்கணக்கில் பிரியாமல் வழுவழுவென்று நிற்கும் பாட்டிலைத்தான் சந்தேகப்பட வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்குமே, கடலை எண்ணெய் அப்படி உறையாது. அதனால் சாதாரண வெப்பத்திலும் கெட்டியாக நிற்கும் பாமாயிலையோ ஹைட்ரஜனேற்றிய தாவர எண்ணெயையோ கலக்கிறார்கள். அது கடலை எண்ணெயைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். பாட்டிலில் ஐ.என்.எஸ். 471 என்ற சேர்க்கைப்பொருள் எண் போட்டிருந்தால், அதுவும் பிரியாமல் இருக்கச் சேர்ப்பதுதான். எண்ணெய் பிரிந்த பாட்டிலை ஓர் இரவு தலைகீழாக வைத்து, காலையில் அடிவரை கிளறுங்கள். பிறகு ஃப்ரிட்ஜில் வைத்தால் அவ்வளவு சீக்கிரம் பிரியாது.

அடுத்தது, முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாங்குவது. 'நேச்சுரல்', 'ஹை புரோட்டீன்', 'கொலஸ்ட்ரால் இல்லை' என்ற வார்த்தைகள் நமக்கு எதையும் சொல்வதில்லை. கடலையில் இயல்பாகவே கொலஸ்ட்ரால் கிடையாது. 100 கிராமுக்கு சுமார் 25 கிராம் புரதம் எப்படியும் இருக்கும். பாட்டிலைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும். வறுத்த கடலை மட்டும், அல்லது கடலையும் உப்பும் என்று இருந்தால் போதும், தைரியமாக எடுக்கலாம். பட்டியல் நீள நீள யோசியுங்கள்.

சர்க்கரை அளவைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. கடலையிலேயே 100 கிராமுக்கு நான்கைந்து கிராம் சர்க்கரை இருக்கிறது. 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' என்ற வரியில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்தால் சரி.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் தேனும் கருப்பட்டியும்தான். மார்த்தாண்டம் தேன் என்றால் நமக்குப் பெருமை; கருப்பட்டி, வீட்டில் ஒருவரைப் போல. ஆனால் பீனட் பட்டரில் சேர்ந்துவிட்டால் இரண்டுமே சேர்த்த சர்க்கரைதான். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் 'வெல்லம் சேர்த்தது' என்ற பாட்டிலை நல்லதென்று நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதற்கும் சர்க்கரையே இல்லை என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஜாம் வரிசையில் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடவும் வேண்டாம். சில கடைகளில் ஓட்ஸ், மியூஸ்லி வைத்திருக்கும் அலமாரியில் இருக்கும். ஊழியரிடம் 'அன்ஸ்வீட்டன்ட்', அதாவது இனிப்புச் சேர்க்காதது, என்று கேளுங்கள்.

எங்குமே இல்லையா? நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் கால் கிலோ கடலை வாங்குங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் ஈரத்தில் பூஞ்சை பிடிப்பது எளிது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது, அந்தப் பூஞ்சை நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. சிறு தீயில் வறுத்து, தோல் நீக்கி, மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு உருண்டையாகத் திரளும். எண்ணெய் ஊற்றத் தோன்றும், ஊற்ற வேண்டாம். இன்னும் சில நிமிடம் அரைத்தால் தானே இளகிவிடும்.