தாஷி வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியச் சமையல் பழக வருகிறவர்கள் முதலில் சுஷியையும் ராமெனையும் பற்றித்தான் கேட்பார்கள். நான் தாஷியில் தொடங்க வைக்கிறேன். மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்), சவன்முஷி (ஆவியில் வேகவைத்த முட்டைக் கலவை) என்று பலவற்றுக்கும் அடிப்படை இந்தச் சாறுதான். இதற்கு வேண்டியவை தண்ணீர், கொம்பு எனப்படும் காய்ந்த கடற்பாசி, அப்புறம் கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டையாக உலர்த்திச் சீவினால் அதுதான் கட்சுவோபுஷி. பொருட்கள் குறைவு என்பதால் பிழையை மறைக்க வழியில்லை. ஆரம்பத்தில் நான் செய்தவற்றையே புதியவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். உப்பு கூடுவது, அளவு தவறுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

கொம்பைக் கொதிக்க விடுவது

இதுதான் எனக்கு இன்னமும் ஆற்றாமை தருவது. வகுப்புக்கு வந்த ஒரு பெண், டோக்கியோவில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கி அனுப்பிய ரிஷிரி கொம்பைக் கொண்டுவந்திருந்தார். ஹொக்கைடோவின் வட முனைக்கு அருகே ரிஷிரி தீவுப் பக்கம் விளைவது அது. தெளிந்த சாறு தரும் என்று கியோத்தோ சமையல்காரர்கள் தேடி வாங்கும் ரகம், விலையும் அதற்கேற்றபடிதான். நான் அடுத்த மேஜைக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "நல்லா சாறு இறங்கட்டும்னுதான் சார்" என்றார். சாறு மங்கி, வழவழப்பாகி, பாசி வாடை அடித்தது. கட்சுவோபுஷியைக் கூடப் போட்டால் தேறுமா என்று கேட்டார். தேறாது. வாடை அடங்காது, கட்சுவோபுஷியும் சேர்ந்து வீணாகும்.

ஆட்டுக்கால் சூப் வைத்துப் பழகிய கைக்கு இது இயல்பாக வருகிற தவறு. எலும்பிலிருந்து சாரம் இறங்க மணிக்கணக்கில் கொதி வேண்டும். கொம்புக்கு அது வேண்டாம். கொம்பின் சுவை குளுட்டமேட். 1908-ல் டோக்கியோவில் வேதியியலாளர் கிகுனே இகேதா அதைக் கொம்புச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். குளுட்டமேட் பச்சைத் தண்ணீரிலேயே கரைந்து வரும். கொதி வந்தால் கூடுதலாக இறங்குவது வழவழப்பும் கசப்பும் நிறமும்தான்.

1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு. அரை மணி நேரம் ஊறவிட்டு, மிதமான தீக்கும் குறைவாக வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் எழுந்ததும் கொம்பை வெளியே எடுத்துவிட வேண்டும். வெப்பமானி இருந்தால் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கலாம், சாறு இன்னும் நன்றாக வரும். அடுப்பருகே நிற்க நேரமில்லையா, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதுவும் முறையான தாஷிதான்.

இவ்வளவும் செய்தும் சுவை மந்தமாக இருந்தால் தண்ணீரைப் பாருங்கள். கடின நீரில் கொம்பின் சுவை சரியாக இறங்காது. கியோத்தோ நீர் மென்மையானது. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் அப்படியில்லை. ஆர்.ஓ. தண்ணீரே நல்லது.

கொம்பைக் கழுவுவது

மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடி பூஞ்சையோ உப்போ அல்ல. பெரும்பாலும் மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். அதிலும் சுவை இருக்கிறது. மண் இருந்தால் ஈரத் துணியால் லேசாகத் துடைத்தால் போதும்.

கட்சுவோபுஷியை அடுப்பிலேயே விட்டுவிடுவது

கொம்பை எடுத்த பிறகு சாற்றை ஒரு கொதி வரவிட்டு, அடுப்பை அணைத்து 20 முதல் 30 கிராம் சீவலைப் போடுங்கள். அது தானாக அடியில் இறங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். உடனே துணியில் வடியுங்கள். நேரம் கூடினால் மீன் வாடையும் புளிப்பும் ஏறும். கிடைக்கவில்லை என்று சிலர் மாசிக் கருவாடு போடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சூரை மீன்தான், வேகவைத்துப் புகையூட்டியதுதான். சம்பலுக்கு அது அருமை. தாஷிக்குச் சற்று முரடு, அளவைக் குறைத்துப் போடுங்கள்.

வடித்த துணியைப் பிழிவது

வேண்டாம்.

சக்கையைக் குப்பையில் போடுவது

முதல் சாறு இச்சிபான் தாஷி, தெளிந்த சூப்புக்கு. அதே கொம்பையும் சீவலையும் பாதியளவு தண்ணீரில் சுமார் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்க வைத்தால் நிபான் தாஷி. அதில் மிசோ சூப் வைக்கலாம், காய் வேகவைக்கலாம். துணியைப் பிழிய ஆசைப்பட்டால் இந்த முறை பிழிந்துகொள்ளலாம்.

மிசோவைக் கொதிக்க வைப்பது

அடுப்பை அணைத்துவிட்டுக் கரையுங்கள். மணம் இருந்தால்தான் மிசோ.

மீன் இல்லாவிட்டால் தாஷியே இல்லை என்று நினைப்பது

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கேதான் விலகிப் போய்விடுகிறார்கள். உணவகத்து மிசோ சூப்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும், கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் ஜப்பானியப் பௌத்த மடங்களின் சைவச் சமையலான ஷோஜினில் தாஷிக்குப் பெரும்பாலும் கொம்பும் உலர்ந்த ஷிடாகே காளானும்தான். காளானை வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தாதீர்கள். குளிர்ந்த நீரில் ஃபிரிட்ஜுக்குள் இரவு முழுக்க ஊறட்டும். ஊறிய நீரைக் கீழே ஊற்றாமல், வடிகட்டிக் கொம்புச் சாற்றோடு கலந்து சூடாக்குங்கள்.