ஈகிள் ஸ்குவாட்ரன் விமானியின் லாக்புக்கைச் சரிபார்ப்பது எப்படி

அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கும் முன்பே பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸில் தாமாக வந்து சேர்ந்த அமெரிக்கர்களுக்காக 71, 121, 133 என மூன்று ஈகிள் ஸ்குவாட்ரன்கள் (விமானப் படைப்பிரிவுகள்) இருந்தன. அவற்றில் பறந்த ஒருவரின் லாக்புக், அதாவது விமானி தன் பறப்புகளைப் பதியும் குறிப்பேடு, கிடைத்தால் உடனே மணிக்கணக்கைக் கூட்ட உட்கார வேண்டாம். முதலில் அட்டை, பென்சில் குறிப்பு, ஒட்டிய சீட்டு உட்பட ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். நாளாக ஆகப் பசை மஞ்சளாகி மையைத் தின்றுவிடும்.

பலர் சறுக்குவது நேரக் கணக்கில்தான். அந்தக்கால லாக்புக்கில் 1.35 என்றால் ஒரு மணி 35 நிமிடம். அடுத்த வரி 2.40 என்றால் இரண்டும் சேர்ந்து 4.15. கால்குலேட்டரில் அப்படியே தட்டினால் 3.75 என்று வரும், பக்கம் முழுக்கத் தப்பாகிவிடும். பிற்கால அமெரிக்க லாக்புக்கிலோ பெரும்பாலும் தசமக் கணக்கு, 1.6 என்றால் ஒரு மணி 36 நிமிடம். எல்லாவற்றையும் நிமிடமாக மாற்றி எழுதிக்கொள்வதுதான் பத்திரம்.

அடுத்து ஒவ்வொரு வரியையும் ஸ்குவாட்ரன் நாட்குறிப்போடு ஒப்பிட வேண்டும். அது லண்டனில் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 வரிசையில் இருக்கிறது. படிவம் 540 அன்றாடச் சுருக்கம். நமக்கு வேண்டியது 541: விமானி பெயர், விமானத்தின் சீரியல் எண், ஏறிய நேரம், இறங்கிய நேரம். லாக்புக்கில் வெறும் 'டி' என்று ஓர் எழுத்து மட்டும் இருக்கலாம். 71-இன் விமானங்களில் எக்ஸ்ஆர், 121-இல் ஏவி, 133-இல் எம்டி என்று எழுதியிருக்கும், அதன் பக்கத்தில் வரும் தனி எழுத்து அது. விமானம் போனால் அதே எழுத்தைப் புது விமானத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். மார்ச் மாத 'டி'யும் ஜூலை மாத 'டி'யும் ஒன்றென்று எண்ணிவிட வேண்டாம்.

சுட்டு வீழ்த்தியதாக எழுதியிருந்தால் ஏர் 50-இல் சண்டை அறிக்கையைத் தேடுங்கள். ஜெர்மன் தரப்புப் பதிவோடு ஒப்பிடும்போது கடிகாரத்தைக் கவனியுங்கள். 1941, 1942 கோடையின் நடு மாதங்களில் இரு தரப்புக்கும் ஒரே நேரம். இடைப்பட்ட குளிர்காலத்தில் பிரிட்டன் ஒரு மணி பின்னால். இதை விட்டால் ஒரே சண்டை இரண்டாகத் தெரியும்.

1942 செப்டம்பர் 29 அன்று மூன்று ஸ்குவாட்ரன்களும் அமெரிக்க ராணுவ விமானப்படைக்கு மாறி, இங்கிலாந்தின் டெப்டன் தளத்தில் 4-ஆவது ஃபைட்டர் குரூப்பின் 334, 335, 336 ஆயின. அன்றிலிருந்து மணிகள் அமெரிக்கப் படையின் பறப்புப் பதிவான படிவம் 5-இல் ஏறும். பழைய லாக்புக்கையும் சிலர் விடாமல் எழுதினார்கள். இரண்டையும் கூட்டினால் ஒரே பறப்பு இருமுறை சேரும்.

அமெரிக்கப் பணிக் கோப்பு வேண்டுமென்றால் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுத வேண்டும். 1973 ஜூலை 12 தீயில் 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. 'கிடைக்கவில்லை' என்ற பதில் வந்தால், அவர் பணியாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ராயல் ஏர் ஃபோர்ஸில் இருந்த ஆரம்ப நாட்களுக்கு பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட் இருக்கிறது. அதில் அச்சான தேதி வேறு, நியமனம் நடைமுறைக்கு வந்த தேதி வேறு, எடுக்க வேண்டியது இரண்டாவதை.

போருக்குப் பின் விமான நிறுவனத்தில் சேர்ந்தவரானால் அளவுகோலே மாறும். நிறுவனங்கள் கணக்கிடுவது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து திரும்ப நிற்கும் வரை. 541-இல் இருப்பது ஏறியது, இறங்கியது மட்டும். அதனால் போர்க்கால மணி, பயணிகள் விமான மணி இரண்டையும் ஒரே மொத்தமாக்காமல் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். ஆசிரியரோடு பறந்த பயிற்சி மணிக்கு மூன்றாவது பத்தி. 541-இல் அகப்படாத வரிகளை அடிக்க வேண்டாம், ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு விடுங்கள். விமானத்தைப் பரிசோதித்த பறப்பு, ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோன பறப்பு போன்றவை பெரும்பாலும் அந்தப் படிவத்தில் ஏறியிருக்காது.