16 நாள் விடுமுறையில் யாழ்ப்பாணம்: நடக்கக்கூடிய ஒரு பயணத் திட்டம்

பிள்ளைகளுடன் முதன்முறை ஊருக்குப் புறப்பட்டபோது நான் எழுதிய பயணத் திட்டத்தில் 11 ஊர்கள் இருந்தன. யாழ்ப்பாணம், நெடுந்தீவு, மடு, திருகோணமலை, மட்டக்களப்பு, கண்டி, எல்ல, கதிர்காமம் என்று நீண்ட அந்தப் பட்டியலை விடுமுறை முடிவதற்குள் ஏறக்குறைய முழுவதுமாக முடித்தோம். ஆனால் திரும்பி வந்த பிறகு இளைய மகனிடம் எது பிடித்தது என்று கேட்டபோது, வான் வண்டியின் பின் இருக்கை என்றான். அதற்குப் பின் மூன்று தடவைகள் போய்வந்த அனுபவத்தில், ரொறன்ரோவிலிருந்து இரண்டு வார விடுப்பில் செல்லும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இலண்டனிலிருந்து செல்வோருக்கு நேரடி விமானம் இருப்பதால் ஒரு நாள் மிச்சப்படும். மற்றக் கணக்குகளில் பெரிய வேறுபாடு இல்லை.

முதலில் நாட்களை எண்ண வேண்டும். இரண்டு வார விடுப்புடன் மூன்று வார இறுதிகளைச் சேர்த்தால் 16 நாட்கள் கிடைக்கின்றன. வெள்ளி இரவு ஏறினால், இடையில் ஒரு விமானம் மாறி, ஞாயிறு காலையில்தான் கட்டுநாயக்கவில் இறங்குவீர்கள். கோடையில் நேர வித்தியாசம் ஒன்பதரை மணித்தியாலம் என்பதால் பகல் இரவாகவும் இரவு பகலாகவும் இருக்கும். பிள்ளைகள் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்பார்கள். ஆகவே அந்த ஞாயிறை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நீர்கொழும்பில் தங்கிக் கழித்து, திங்கள் வடக்கு நோக்கிப் புறப்படுவதே நல்லது. இறங்கிய கையோடு வானில் ஏறி யாழ்ப்பாணம் போனவர்கள் பலர் உண்டு. அடுத்த மூன்று நாட்களும் தூக்கக் கலக்கத்தில் போய்விட்டதைப் பெரும்பாலும் அவர்கள் சொல்வதில்லை. திரும்பும்போதும் வேலைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிறு வீட்டில் இருக்க வேண்டுமானால், அங்கே வரும் இரண்டாம் சனிக்கிழமை அதிகாலையில் விமானம் ஏற வேண்டும். இவற்றையெல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது பன்னிரண்டு நாட்கள். திட்டம் அந்தப் பன்னிரண்டுக்குத்தான்.

கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேல். சிலாபம், புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாகச் சென்றால் கொழும்பு நெரிசலுக்குள் போகத் தேவையில்லை. ஓட்டம் மட்டும் ஏழு மணித்தியாலம் என்றாலும், சிலாபத்தில் முன்னேஸ்வரம், அநுராதபுரத்தில் மதியச் சாப்பாடு, முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துக் கச்சான் வாங்குவது என்று நின்று நின்று போனால் ஒன்பது மணித்தியாலத்தை நெருங்கும். முறிகண்டியில் நிற்காமல் போகும் சாரதியை நான் இன்னும் காணவில்லை. வானை முழுப் பயணத்துக்கும் ஒருவரிடமே பிடித்தால், சாரதியின் தங்குமிடமும் சாப்பாடும் யாருடைய பொறுப்பு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் கணக்கில் அடங்கும் என்பவற்றை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆறு பேருக்கு ஆறு இருக்கை போதாது. ஆளுக்கு இரண்டு பெட்டி வரும் என்பதை மறந்து வாகனம் பிடிப்பவர்கள்தான் அதிகம்.

புகையிரதத்தை விரும்புவோரும் உண்டு. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது அதில் ஏறிப் பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் பெட்டிகளுடன் போக வேண்டும். இருக்கைகளை முன்பதிவு தொடங்கும் நாளிலேயே பிடிக்க வேண்டும். பாதைத் திருத்த வேலைகளால் சேவை தடைப்படுவதும் உண்டு. 2024இல் மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே பாதை மாதக்கணக்கில் மூடப்பட்டிருந்தது. பிள்ளைகளுக்குப் புகையிரதம் காட்ட வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு காலையில் ஏறி இறங்கினால் போதும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பது நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். எனினும் அவை சிறிய விமானங்கள், அனுமதிக்கப்படும் பொதியும் குறைவு; தனித்தனிச் சீட்டாக வாங்கினால் சென்னையில் பெட்டிகளை எடுத்து மீண்டும் கொடுப்பதற்கு இந்திய விசாவும் வேண்டும். பெட்டி நிறைய அன்பளிப்புடன் போகும் குடும்பத்துக்கு அது பொருந்தாது. சென்னையில் புடைவை வாங்கும் ஆசையை இந்தப் பயணத்தில் கலக்காதீர்கள்.

எந்த 16 நாட்கள் என்பதை யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழாவைப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. 25 நாள் திருவிழாவில் தேர் 24ஆம் நாள். 2024இல் தேர் செப்டெம்பர் 1ஆம் திகதி வந்தது. ஒன்ராறியோப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் கழித்துப் பாடசாலை. 2025இல் தேர் ஓகஸ்ட் 21. ஒரு வருடத்துத் திகதியை வைத்து அடுத்த வருடத்துக்கு விமானச் சீட்டு வாங்கினால் வெறும் வீதியைத்தான் காண்பீர்கள். தேரைக் காண்பதென்றால் அந்த வாரத்தில் தங்குமிடமும் வாகனமும் விலை கூடும் என்பதையும், கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் ஓடாது என்பதையும், வயதான அம்மாவை அழைத்துச் செல்வதென்றால் தேரைவிட ஒரு சாதாரண மாலைத் திருவிழா வசதி என்பதையும் கணக்கில் எடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ஊர் பச்சையாக இருக்கும். நத்தார் விடுமுறையில் வருவோர் வெள்ளத்துக்கும் நுளம்புக்கும் ஆயத்தமாக வர வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு ஏழு முழு நாட்கள் வேண்டும் என்று நான் சொன்னால், அங்கே பார்க்க அவ்வளவு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உறவினர் வீடுகளைக் கணக்கில் எடுக்காதவர்கள். ஒரு வீட்டுக்கு அரை நாள். "தேத்தண்ணி மட்டும் போதும்" என்று தொலைபேசியில் எவ்வளவு சொன்னாலும், நீங்கள் போகும்போது நண்டு அடுப்பில் இருக்கும். ஒரே நாளில் நான்கு வீடுகள் என்று எழுதிவைத்தால், நான்காவது வீட்டுக்கு இரவு ஒன்பது மணிக்கு நிறைந்த வயிற்றுடன் போய், அவர்கள் ஆக்கி வைத்ததைத் தொடாமல் மனத்தாங்கலோடு திரும்புவீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. யாழ்ப்பாணம் வந்த முதல் வார இறுதியில், சனி அல்லது ஞாயிறில், ஊர் வீட்டிலோ சிறிய மண்டபத்திலோ ஒரு மதியச் சாப்பாடு ஏற்பாடு செய்து எல்லோரையும் அழையுங்கள். சமைப்பதற்கு ஆள் பிடிப்பது இப்போது கடினமல்ல. பிள்ளைகளுக்கும் தங்கள் வயதுச் சொந்தங்களுடன் விளையாட ஒரு பகல் கிடைக்கும். அந்த ஒரு பகலில் பழகிய பிள்ளைகள் மீதி நாட்களில் தாங்களாகவே ஒருவரையொருவர் தேடுவார்கள். ஆனால் இரண்டு வகை வீடுகளுக்கு நேரில்தான் போக வேண்டும். நடமாட முடியாத முதியவர்களின் வீடுகள் ஒன்று. நீங்கள் வெளிநாட்டில் இருந்தபோது இழவு நடந்த வீடுகள் மற்றொன்று. துக்கம் விசாரிக்க வேண்டிய வீடுகளுக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் போய்விடுவதே முறை. கோயில் நேர்த்திகளையும் கடைசி நாட்களுக்கு ஒதுக்காமல் முன்னதாகவே முடித்துவிடுங்கள்; நெருங்கிய உறவில் ஒரு மரணம் நேர்ந்து துடக்கு வந்துவிட்டால், ஐந்து வருடமாக வைத்திருந்த நேர்த்தி இன்னும் ஐந்து வருடம் காத்திருக்கும்.

காணி, பிறப்புச் சான்றிதழ், வங்கி போன்ற அலுவல்கள் இருந்தால் அவற்றுக்கு இரண்டு வார நாட்களை ஒதுக்குங்கள். அவையும் முதல் பாதியிலேயே அமையட்டும். ஒரு அலுவலகத்தில் எனக்குத் தேவையான பதிவின் பிரதியைப் பெறுவதற்கு மூன்று தடவை போக நேர்ந்தது. முதல் நாளே போயிருந்ததால்தான் அந்த அலுவல் முடிந்தது. பௌர்ணமி நாளான போயா தினத்தில் அரச அலுவலகங்களும் வங்கிகளும் மூடியிருக்கும், இறைச்சியும் மதுவும் விற்க மாட்டார்கள். பயணத் திகதிகளுக்குள் பௌர்ணமி எந்த நாளில் வருகிறதென்று நாட்காட்டியில் பார்த்து வைப்பது நல்லது.

மிஞ்சும் நாட்களில் நயினாதீவுக்கு ஒரு காலை போதும். குறிகட்டுவானிலிருந்து படகு கால் மணி நேரம் அளவில்தான். வெயில் ஏறுமுன் நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டு மதியத்துக்குத் திரும்பலாம். நெடுந்தீவு அப்படியல்ல. ஒரு மணித்தியாலம் வரை படகு, கடல் கொந்தளிப்பு, ஒரு நாளில் சில படகுகளே என்பதால், திரும்பி வரும் படகின் நேரத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். சின்னப் பிள்ளைகளுடன் இரண்டு தீவையும் ஒரே நாளில் இணைக்க முயல வேண்டாம். கீரிமலைக் கேணியும் காரைநகர்க் கசூரினா கடற்கரையும் மாலைப் பொழுதுக்கானவை. கோட்டையையும் 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட நூலகத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம், ஆனால் நூலகத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு முதல் நாள் இரவே சொல்லி வைத்தால் அவர்கள் அங்கே வெறுமனே ஒரு வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாளையாவது எதுவும் எழுதாமல் விட்டுவிடுங்கள்; கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளிப்பதற்கே அவர்களுக்கு அரை நாள் வேண்டும்.

திரும்பும்போது வந்த வழியே போகாதீர்கள். இரண்டாம் செவ்வாய் காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகத் திருகோணமலைக்குப் புறப்பட்டால் பிற்பகலில் நிலாவெளியில் இருக்கலாம். கோடையில் அந்தக் கடல் அமைதியானது, பிள்ளைகள் இறங்கத் தக்கது. புதன்கிழமை காலையில் கோணேஸ்வரம், பிறகு கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், மீதி நேரம் முழுவதும் கடல். வியாழன் ஹபரணைக்கு இறங்கி ஓரிரவு தங்கி, நடக்கக்கூடியவர்கள் வெள்ளி விடியற்காலையில் சீகிரியாக் குன்றில் ஏறலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் என்பதால் அப்பம்மாவை விடுதியிலேயே விட்டுச் செல்லுங்கள். அன்று மாலை நீர்கொழும்பு. கண்டியும் எல்லவும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். கண்டிப் பெரஹெர ஊர்வலமும் பெரும்பாலும் நல்லூர்க் காலத்தை ஒட்டியே வருவதால் அங்கே அறை கிடைப்பதும் அரிது.

அந்தக் கடைசி மாலையில் பெட்டிகளைத் திறந்து மீண்டும் அடுக்க இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள். போகும்போது அன்பளிப்பால் நிறைந்திருந்தவை வரும்போது மிளகாய்த்தூளாலும் ஒடியல் மாவாலும் பினாட்டாலும் அதைவிடக் கூடுதலாகவே நிறைந்திருக்கும். கையில் தூக்கிப் பார்க்கும் சிறிய தராசு ஒன்றை ரொறன்ரோவிலிருந்தே கொண்டு வாருங்கள்.