குதிரையேற்றப் பயிற்சி நாளில் ஏறுவதற்கு முன்

பிரிட்டனில் 1929-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட, இளையோருக்கான குதிரையேற்ற அமைப்பான போனி கிளப்பின் கிளைகள் நடத்தும் 'ராலி' என்னும் பயிற்சி நாள், பொதுவாகச் சேணத்தையும் கடிவாளத்தையும் சரிபார்ப்பதில்தான் தொடங்கும். எந்த ஊர்க் கழகத்தில் பயிலும் பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

குறிப்பாக, சேணத்தின் வயிற்றுப்பட்டையை ஒரே முறை இறுக்கிவிட்டு ஏறிவிடக் கூடாது. பட்டையைக் கட்டும் நேரத்தில் பல குதிரைகள் நெஞ்சை விம்மச் செய்து உடலை விறைப்பாக்கிக்கொள்வதால், அப்போது கச்சிதமாகத் தோன்றும் பட்டை, சில நிமிடங்கள் நடந்ததும் தளர்ந்து, ஏறுபவர் அங்கவடியில் கால் வைத்து எழும்போது சேணம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடக்கூடும். ஆகவே சிறிது சிறிதாக இறுக்கி, குதிரையைக் கொஞ்சதூரம் நடத்தி, பட்டைக்கு அடியில் விரல்களை நுழைத்துப் பார்த்து, பிறகே ஏற வேண்டும். ஏறிய பின்னும் இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

காலணிக்குச் சிறிய குதிகால் அவசியம். அங்கவடியில் காலணியின் இருபுறமும் ஏறத்தாழ அரை அங்குல இடைவெளி இருந்தால், விழ நேர்ந்தாலும் பாதம் எளிதில் விடுபடும். பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.