டிஃபெண்டரின் ஹேண்ட்பிரேக்கை எம்ஓடி சோதனைக்குத் தயார் செய்வது

பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடிக்கு, 2016 வரை தயாரான பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரை விடும்போது நான் முதலில் சொல்வது: "இது எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ரோலரில் ஏற்றாதீர்கள்." பிரேக் சோதனைக்கான ரோலர் (சுழலும் உருளை) ஒரு அச்சின் சக்கரங்களை மட்டும் சுழற்றினால் மற்ற அச்சும் இழுபட்டு வண்டி வெளியே பாயலாம், இரு அச்சுகளுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸும் கெடும். வண்டி வேகம் குறையும் அளவைக் காட்டும் டிசெலரோமீட்டரோ, சரிவில் நிறுத்திப் பார்ப்பதோதான் சரி. ஹேண்ட்பிரேக்குக்குக் குறைந்தது 16 சதவீதத் திறன், அதாவது வண்டி எடையில் அந்த அளவு பிரேக் விசை, வேண்டும்.

இதன் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்னால் உள்ள டிரம்மில் (உள்ளே பிரேக் ஷூக்கள் அழுத்திப் பிடிக்கும் உருளையில்) இருக்கிறது. அதனால் ஓட்டத்தில் சடாரென இழுப்பதை நான் அனுமதிப்பதில்லை.

முந்தைய நாளே சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, கீழே படுத்துப் பாருங்கள். டிரம்மில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் திருகைத் தொடாதீர்கள். ஆயில் சீலை மாற்றுங்கள், எண்ணெய் குடித்த ஷூக்களையும் சேர்த்து. உலர்ந்திருந்தால் டிரம் இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருகி, தடையின்றிச் சுழலும்வரை தளர்த்துங்கள். அப்புறம்தான் கேபிள்.

சரிவில் நிறுத்தியதும் வண்டி கொஞ்சம் அசைந்து நிற்கும். அது விசையை அச்சுக்குக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃப்ரென்ஷியல் ஆகியவற்றின் தளர்வு, பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால், டிஃப்ரென்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுழன்றுவிடும், இந்த பிரேக் வண்டியைப் பிடிக்காது. கட்டை கட்டாயம்.