பழைய ஒரு அங்குல மேப்பில் தூர்ந்த குளத்தைத் தேடுவது எப்படி

அம்மம்மா பிறந்த ஊர் இலங்கையின் வடக்கில், வன்னியில், மாங்குளத்துக்குக் கிழக்கே. இப்போது அங்கே காடுதான். நில அளவைத் திணைக்களத்தின் பழைய மேப் ஒன்றை வைத்துத்தான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மேப்பில் ஊரைத் தேடாதீர்கள், குளத்தைத் தேடுங்கள். மண்வீடு நாலு மாரியில் கரைந்துவிடும், குளக்கட்டு அப்படியே கிடக்கும். கட்டுக்குக் கீழே வயல், அதை ஒட்டி வளவுகள், அதாவது வீடும் அதைச் சுற்றிய காணியும். வன்னியில் ஊர்கள் அப்படித்தான் இருந்தன.

ஒரு அங்குலம் ஒரு மைல், அதாவது 1:63,360. ஆனால் உங்களிடம் இருப்பது போட்டோக்கொப்பி என்றால் அடிமட்டம் வைக்காதீர்கள். என் கொப்பி சுருங்கி, ஒரு மைல் 23 மில்லிமீற்றர்தான் வந்தது. தையல் நூலை வண்டில் பாதையின் வளைவுகளோடு விரலால் அழுத்தி அழுத்திப் படுக்கவையுங்கள். பிறகு அதே நூலைத் தாளின் அடியில் அச்சிட்ட அளவுகோலில் நீட்டிப் பாருங்கள். தாள் சுருங்கினால் அளவுகோலும் சேர்ந்துதான் சுருங்கியிருக்கும்.

தொடங்கும் இடத்துக்கு ரயில் பாதையைப் பிடியுங்கள். 1905இல் இந்த வழியால் யாழ்ப்பாணம் போன பாதை அது. ரோட்டும் ஆறும் அதைக் கடக்கும் இடங்களை மேப்பிலும் போனிலும் பொருத்திக்கொள்ளலாம்.

பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும், லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும். வயதானவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நான் மூன்று விதமாக உச்சரித்த பிறகுதான் அம்மம்மா, "அதுதான் பிள்ளை, எங்கட குளம்" என்றா.

குளக்கட்டு வில்போல வளைந்த கோடு. வளைவின் உட்பக்கம் தண்ணீர் நின்ற பக்கம், வெளிப்பக்கம் வயல். செய்மதிப் படத்தில் அந்தக் கோட்டில் பெரிய மரங்கள் வரிசையாகத் தெரியும்.

காட்டுக்குள் இறங்கமுன் மிதிவெடி அகற்றிய இடமா என்று கிராம அலுவலரிடம் கட்டாயம் கேளுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்றால் ஒரு அடிகூட வைக்கவேண்டாம். குளத்தைப் பிறகு பார்க்கலாம்.

குளக்கட்டில் ஏறியதும் உடைப்பைப் பாருங்கள், பிறகு துருசுக் கல்லை (தண்ணீர் திறந்துவிடும் மதகின் கல்லை) தேடி, அதிலிருந்து பழைய வாய்க்காலோடு இறங்குங்கள். புளியும் மாவும் நெருங்கி நின்றால் அங்கே வளவு இருந்திருக்கும். எங்கள் புளிக்கு இருபது அடி தள்ளித்தான் அம்மம்மா சொன்ன கிணறு. தடியால் தட்டித் தட்டி நடவுங்கள். கட்டில்லாத கிணறுகளைப் பத்தை மூடிக்கிடக்கும்.